வற்றின ஆறு

எங்கள் ஊரில் ஆற்றைப் பார்க்க ஆள் கூடுவது தண்ணீர் வரும்போதுதான். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால், கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் ஓடி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு மதகில் மறுபடி பிரிந்து, ஒருவழியாக எங்கள் பாமணியாற்றுக்கு வந்து சேரும். முதல் தண்ணீருக்குப் பூவும் நெல்லும் தூவுவார்கள்.

நான் போவது மாசியில். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி, ஓட்டமெல்லாம் நின்றபிறகு.

"தண்ணி ஓடறப்ப வராம, வத்தினப்புறம் அங்க என்னம்மா பாக்கப் போற?" வருஷா வருஷம் அப்பா கேட்பார். அறுத்த தாளடிக்குள் உளுந்து பச்சையாக நிற்கும். நெல் அறுப்பதற்குப் பத்து நாள் முன்னால் தெளித்துவிட்டது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதற்குச் சாப்பாடு.

நிறைந்து ஓடும் ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது? கலங்கல் தண்ணீரும் வெங்காயத்தாமரையும். வற்றினால் அங்கங்கே மடு மட்டும் மிஞ்சும், மீனெல்லாம் அதற்குள் அடைபட்டுவிடும். யார் போய்ச் சொல்வார்களோ, இரண்டே நாளில் மடையானும் நீர்க்காகமும் வந்துவிடும். அப்பாவுக்குப் பிடித்தது நத்தைகொத்தி நாரை ஒன்றுதான், வயல் நத்தையைத் தின்கிறதே! மூடினாலும் அதன் அலகு நடுவில் சேராது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் விழும்.

எனக்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து காத்திருக்கும். இது அந்தரத்திலேயே சிறகடித்து நிற்கும், நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அப்புறம் செங்குத்தாக விழும். பாதி நேரம் வெறும் வாயோடுதான் மேலே வரும். அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கூடு வைப்பது கரை மண்ணில். தண்ணீர் இறங்கி, அரித்த கரை சுவர் மாதிரி வெளியே தெரியும்போது அலகால் குத்திக் குடைந்து, கை நீளத்தையும் தாண்டிப் பொந்து போடும். (கையை விட்டு அளக்கவில்லை. பாம்பும் இருக்கும்.)

எங்கள் வளைவில் அப்படி நாலைந்து பொந்துகள் இருந்தன. போன வருஷம் கரை சரிகிறதென்று கல் பதித்து சிமெண்டு பூசிவிட்டார்கள். இந்த மழைக்கு எங்கள் உளுந்துக்கொல்லை பிழைத்தது அதனால்தான், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் போன வாரம் ஒரு ஜோடி அந்தச் சிமெண்டு மேல் வந்து உட்கார்ந்து, கத்திவிட்டு, எதிர்க்கரைக்குப் பறந்தது. அங்கே இன்னும் மண்கரை. புதிதாய் இரண்டு துளை தெரிந்தது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பக்கத்துக்காரரும் கல்லு போடச்சொல்லி மனு குடுத்திருக்காரு" என்றார்.