சாவியும் அதே டிஸ்க்கில்

கிளினிக்குகளுக்கு பில்லிங் மென்பொருள் போடும் சின்ன கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் ஆடிட்டர் வந்திருந்தார். “சார், இந்த சர்வர்லேர்ந்து டிஸ்க்கை ஒருத்தன் கழட்டிட்டுப் போனா என்ன ஆகும்?” என்று கேட்டார். பாஸ்வேர்டு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அன்று இரவு நோயாளிகள் டேபிளின் டேட்டா டிஸ்க்கில் இருக்கும் ஐபிடி கோப்பு மேல் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை ஓட்டினேன். கோப்புக்குள் படிக்கக்கூடிய எழுத்துகள் இருந்தால் அது எடுத்துக் காட்டும். செல் நம்பர்கள், ‘டயபடிக்’ என்று டாக்டர் தட்டியது, எல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடின. தமிழில் தட்டிய பெயர்கள் மட்டும் வரவில்லை. பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் கட்டளை வழக்கமாக ஆஸ்கி எனும் ஆங்கில எழுத்து, எண், குறிகளைத்தான் தேடும், அவ்வளவுதான்.

எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல். அதன் 5.7.11 பதிப்பு முதலே டேபிளை என்கிரிப்ட் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறது. நாங்கள் 8.0-இல் இருந்தும் தொடவே இல்லை. சாவி வைக்கும் கீரிங்கை முதலில் அமைத்துவிட்டால், டேபிளை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் ‘என்கிரிப்ஷன்’ என்று சேர்த்தால் போதும். ஆனால் டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும், அதுவரை அதே அளவு காலி இடம் வேண்டும். முடிந்ததும் மறுபடி ஸ்ட்ரிங்ஸ் ஓட்டினேன். வெறும் குப்பை எழுத்துகள். நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் குளிக்கும்போதுதான் பின்லாக் நினைவுக்கு வந்தது, டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை மைஎஸ்கியூஎல் குறித்துவைக்கும் கோப்புகள். ஒவ்வொரு இன்செர்ட்டும் அங்கேயும் எழுதப்படுகிறதே! அதை என்கிரிப்ட் செய்யத் தனி அமைப்பு, 8.0.14-இல்தான் வந்தது. அதைப் போட்டாலும் பழைய லாக்குகள் காலாவதியாகும்வரை அப்படியேதான் கிடக்கும், உடனே போக வேண்டுமென்றால் நாமேதான் அழிக்க வேண்டும். அப்புறம் தினமும் பேக்கப்பாக எடுக்கும் டம்ப். சர்வரே பிரித்துப் படித்துக் கொடுப்பதால் அதை எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் எழுதுவது யாரும் படிக்கக்கூடிய சாதா எஸ்கியூஎல்தான். இரண்டு வருட டம்ப்புகள் நெட்வொர்க்கில் இணைந்த நாஸ் சேமிப்புப் பெட்டியில், அதுவும் ரிசப்ஷன் மேஜைக்கு அடியில். இப்போது கோப்புகளை என்கிரிப்ட் செய்யும் ஜிபிஜி வழியாகத்தான் அங்கே போகின்றன.

இதெல்லாம் விட வெட்கம் வேறு. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு சாவி, அந்தச் சாவிகளைப் பூட்ட ஒரு மாஸ்டர் சாவி. அந்த மாஸ்டர் சாவி இருக்கும் கீரிங் கோப்பை நான் வைத்திருந்தது டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த கதை. கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைத்திருக்கும்.

இப்போது அந்தக் கீரிங் கோப்பு தனி லக்ஸ் பார்ட்டிஷனில், அதாவது பாஸ்பிரேஸ் கொடுத்தால்தான் திறக்கும் பகுதியில் இருக்கிறது. ரீபூட் ஆனால் யாராவது பாஸ்பிரேஸ் அடித்த பிறகுதான் மைஎஸ்கியூஎல் எழும். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனாலும் எனக்குத்தான் போன்.

கடைசியாக வேறு மெஷினில் டேட்டா டைரக்டரியை மட்டும் போட்டு, கீரிங் இல்லாமல் திறந்து பார்த்தேன். மாஸ்டர் சாவி கிடைக்கவில்லை என்று எரர். முதலில் சந்தோஷம், அடுத்த நொடி வயிற்றைக் கலக்கியது. அந்தக் கோப்பு தொலைந்தால் எனக்கும் இதே எரர்தானே. பிரதி எடுத்த பென்டிரைவ் இப்போது முதலாளியின் பீரோவில், செக் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.