வாடகை அறையில் ஒரு விக்கா பீடம்

விக்கா என்பது இயற்கையையும் மந்திரச் சடங்குகளையும் சார்ந்த ஒரு நவீன நெறி. பீடம் இல்லாமலும் அதைப் பயிலலாம். முழுநிலவு இரவுகளில் ஜன்னலோரம் வெறுங்கையோடு நின்று செய்ததெல்லாம் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் உப்பு ஒரு டப்பாவில், மணி ஒரு பையில், குறிப்பேடு தலையணைக்கு அடியில் என்று எல்லாம் சிதறிக் கிடந்தால், சடங்குக்கு உட்காரும் முன்பே பாதிக் கவனம் தேடுவதில் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வேண்டும் என்று தோன்றியது.

இடைஞ்சல்கள் இருந்தன. நான் இருப்பது வாடகை அறை, கூட ஒரு தோழியும் தங்கியிருக்கிறாள். அறைக்குள் மெழுகுவத்தி, ஊதுவத்தி எதையும் கொளுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கூரையில் புகை அலாரம் வேறு. தீயும் புகையும் இல்லாமல் விக்கா பீடமா என்று தயங்கி நிற்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இது உதவலாம்.

என்னென்ன வேண்டும் என்று பார்க்கப் போனால் தலை சுற்றும். கறுப்புப் பிடி போட்ட அத்தாமே என்ற கத்தி, மூலிகை வெட்ட வெள்ளைப் பிடிக் கத்தி, மந்திரக்கோல், கோப்பை, தூபக்கால், பெண்டக்கிள், இரும்புக் கொப்பரை, துடைப்பம், மணி, விக்காவின் இரு தெய்வங்களான தேவிக்கும் தேவனுக்கும் இரண்டு மெழுகுவத்தி, சிலைகள், கற்கள்... இதில் எது கட்டாயம்? எந்தப் பட்டியலும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. சரி, இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று முதலில் தெரிந்துகொள்வோம் என்று வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன்.

இன்று விக்கா என்று சொல்லப்படுவது 20-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருப்பெற்ற நெறி. 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகுதான், மலாயாவில் சுங்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெரால்டு கார்ட்னர் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அவருடைய நூல் 1954-இல் வந்தது. அவர் சொல்லும் இரண்டு கத்திகளும் சாலமன் மன்னர் பெயரில் வழங்கும் பழைய மந்திர நூலிலேயே இருக்கின்றன. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1889-இல் அச்சேறியது. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்ற திசைக் கணக்கு, 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்திலும் உண்டு. கார்ட்னரின் சடங்கு வரிகளில் பலவற்றை, அவர் குழுவில் இருந்த டோரீன் வாலியென்டி 1950-களில் திருத்தி எழுதினார்.

ஆக, பல கைகள் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பட்டியல் இது. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்குத் தைரியம் வந்தது. கோவன் என்ற குழுவில் தீட்சை பெறுபவர் அந்தக் குழுவின் முறைக்குக் கட்டுப்பட வேண்டும், அது வேறு கதை. தனியாகப் பயில்பவர்களுக்கு 1980-களில் ஸ்காட் கன்னிங்ஹாம் போன்றவர்கள் எழுதிய பிறகு வழி நன்றாகவே திறந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: ஒரு பொருளை எடுத்து வைக்கும் முன், இதைக் கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீடம் என்பது தச்சரின் பட்டறை மேசை மாதிரி; அழகுக்கு மட்டும் அங்கே எதற்கும் இடமில்லை. (அழகாகவும் இருந்துவிட்டால் சந்தோஷம்தான்.)

முதலில் இடம். பீடத்தை வடக்கில் வைப்பவர்கள் உண்டு, நடுவில் வைத்துக் கிழக்கு நோக்கி நிற்பவர்கள் உண்டு. இரண்டுமே மரபுதான். என் அறையில் தெற்கே கதவு, கிழக்கே கட்டில். வடக்குச் சுவர் மட்டுமே காலி. திசையைப் போன் திசைகாட்டியில் பார்ப்பதாக இருந்தால் இரும்பு அலமாரி, கட்டில் சட்டம் இவற்றிலிருந்து விலகி நின்று பாருங்கள். பக்கத்தில் உலோகம் இருந்தால் முள் இஷ்டத்துக்குச் சுற்றும். சூரியன் உதிக்கும் பக்கத்தை வைத்தும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் வருடத்தில் இரண்டு சமஇரவு நாட்களில்தான் அது நேர்க்கிழக்கில் உதிக்கும், மற்ற நாட்களில் கொஞ்சம் விலகித்தான் இருக்கும்.

மேசைக்குப் பதில் மூடி போட்ட ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். சடங்கு நேரத்தில் மூடியின் மேல் துணி விரித்தால் பீடம். முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள். ‘நிரந்தரமாக விரித்து வைக்காத பீடத்தில் சக்தி தங்காது’ என்று சொல்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற அந்தச் சில நிமிடங்களிலேயே மனம் வெளிவேலையை விட்டுவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நின்று செய்வீர்களா, உட்கார்ந்தா என்று முடிவுசெய்த பிறகு உயரத்தைப் பாருங்கள். நான் தரையில் உட்காருகிறேன், பெட்டி முழங்கால் உயரம், அதுவே போதும்.

அப்புறம் நான்கு பூதங்கள். இங்கேதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நிலத்துக்கு உப்பு, நீருக்கு ஒரு சிறு கிண்ணம், இதில் குழப்பமே இல்லை. காற்றும் நெருப்பும்தான் சிக்கல். கோல்டன் டான் வழியில் கத்தி காற்றுக்கும் கோல் நெருப்புக்கும் உரியவை. சில விக்கா மரபுகளில் இது தலைகீழ்: அத்தாமே நெருப்பு, கோல் காற்று. இரண்டு பக்கமும் காரணம் சொல்வார்கள். கத்தி நெருப்பில் பிறந்தது, கோல் காற்றில் அசைந்த கிளை என்பது ஒரு வாதம். கத்தி என்பது பகுத்தறியும் புத்தி, அதனால் காற்று என்பது மற்றொன்று. எனக்கு முதல் வாதம் கைக்கு நெருக்கமாக இருந்தது. எதைத் தேர்ந்தாலும் அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு கணக்கு என்றால் கைக்கு எதுவும் பழகாது.

அத்தாமே நான் வாங்கவில்லை. அது பொருளை வெட்டுவதற்கான கத்தி இல்லை. சடங்கின் தொடக்கத்தில் தன்னைச் சுற்றிப் புனித வட்டம் போடும்போது சக்தியை ஒரு திசையில் செலுத்தத்தான் அது. பெரும்பாலும் கூர் மழுக்கியே வைத்திருப்பார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் விளிம்புள்ள கத்தி என்பதால் சட்டம் பல நாடுகளில் அதை வேறு கண்ணோடு பார்க்கும். கூடத் தங்கியிருப்பவளுக்கும் அது உறுத்தும். காற்றில் முறிந்து விழுந்திருந்த ஒரு கிளையை எடுத்து, பட்டை சீவி, உப்புத்தாள் தேய்த்துக் கோலாக்கினேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம் என்பது வழக்கமான அளவு. வட்டம் போட அதுவும் விரலும் போதும்.

காற்றுக்குப் பலர் இறகு வைப்பார்கள். அதில் ஒரு எச்சரிக்கை: கண்ட இறகையும் பொறுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் புலம்பெயர் பறவைகளுக்கான 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்குள்ள பெரும்பாலான காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதுகூடக் குற்றம். எனக்கு மணி போதுமாக இருந்தது. ஒலி காற்றில்தானே போகிறது? அலாரமும் அடிக்காது.

நெருப்புக்குப் பேட்டரி மெழுகுவத்தி. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். வெளிச்சம் இருக்கிறது, கண் அதில் நிலைக்கிறது, அறை எரிவதில்லை. உண்மையான சுடர் வேண்டிய சடங்குகளுக்கு அனுமதியுள்ள திறந்த வெளிக்குப் போய்விடுகிறேன். வீட்டில் கொளுத்த முடிந்தவர்கள், எரியக்கூடிய எதுவும் சுடரிலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களில் பார்க்க அழகாக இருக்கிறதென்று உலர்ந்த பூவும் மூலிகையும் ஒட்டிய மெழுகுவத்தியை ஏற்றாதீர்கள். அவை தனித்தனித் திரிகளாகி எரியத் தொடங்கும். பிசின் தூபத்துக்கான கரித்துண்டை வெறும் கிண்ணத்தில் வைத்தால் கிண்ணமே வெடிக்கலாம், அடியில் மணல் வேண்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும், எனவே ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நடுவில் பெண்டக்கிள். வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்த தட்டு. எந்தப் பொருளைப் புனிதப்படுத்தினாலும் அதன் மேல்தான் வைப்பது. மரத்தட்டில் நானே வரைந்தேன். ஒரு முனை மேலே, அது ஆன்மாவுக்கு. மற்ற நான்கும் பூதங்களுக்கு. தேவிக்கு இடப்பக்கம், தேவனுக்கு வலப்பக்கம் என்பது பரவலான அமைப்பு. சிலைக்குப் பதில் இடப்பக்கம் ஒரு சிப்பி, வலப்பக்கம் ஒரு பைன் காய் வைத்திருக்கிறேன். முகம் கொடுக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

கற்களைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பியே ஆக வேண்டும். எல்லாக் கற்களையும் உப்புத் தண்ணீரில் போட்டுச் சுத்தி செய் என்ற அறிவுரை எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. செலனைட் என்பது ஜிப்சம். நகத்தாலேயே கீறலாம், தண்ணீரில் மெல்லக் கரையும். பைரைட்டில் இரும்பு இருக்கிறது, ஈரம் பட்டால் கெடும். மாலக்கைட்டில் தாமிரம் இருப்பதால், அது ஊறிய தண்ணீர் வாய்க்குப் போகவே கூடாது. அமெதிஸ்டைத் தினமும் வெயிலில் வைத்தால் ஊதா நிறம் வெளிறிவிடும். நிலவொளி எதையும் கெடுக்காது. ஜன்னல் விளிம்பில் ஓர் இரவு வைத்தால் போதும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு குவார்ட்ஸ், அது எதையும் தாங்கும்.

சுத்தி செய்ய வெள்ளை சேஜ் கட்டு கொளுத்தும் பழக்கத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. புகைத் தடையை விடுங்கள். தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் வடமேற்கு மூலையிலும் வளரும் செடி அது, அங்குள்ள பூர்வகுடிகளின் சடங்குக்கு உரியது. சந்தைக்காக அதைக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். விக்காவுக்கு அது தேவையே இல்லை. ரோஸ்மேரி போதும், புகை கூடாதென்றால் அதன் கிளையைத் தண்ணீரில் தொட்டுத் தெளிக்கலாம்.

அடுத்து வளர்பிறையில் ஒரு மாலை, பீடத்தைப் புனிதப்படுத்தினேன். சடங்கு எளிமையானது. மணி அடித்து, கோலை நீட்டி, வலஞ்சுழியாக வட்டம். உப்பை நீரில் மூன்று முறை இட்டுக் கலக்கினேன், அது நிலமும் நீரும். அந்த நீரை ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு துளி தொட்டுவைத்தேன். பிறகு ஒவ்வொன்றையும் விளக்கின் மேல் காட்டி, அதன் மேல் மணியை ஒலித்தேன், அது நெருப்பும் காற்றும். பொருளைப் பெண்டக்கிளில் வைத்து, இது எந்த வேலைக்கு என்று சத்தமாகச் சொன்னேன். எழுதிவைத்த செய்யுள் எதுவும் இல்லை. ‘இந்த மணி தொடக்கத்தையும் முடிவையும் சொல்லட்டும்’ என்கிற மாதிரி வெறும் வாக்கியங்கள்தான். முடித்ததும் இடஞ்சுழியாக வட்டத்தைக் கலைத்தேன். மணியை உடனே துடைத்துவிட்டேன். உப்பு நீர் உலோகத்தை அரிக்கும்.

தோழி கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏய், இது யாருக்காவது சூனியம் வைக்கிற மேசையா?” என்றாள். யாருக்கும் தீங்கில்லாதவரை விரும்பியதைச் செய் என்பதுதான் எங்கள் நெறி, 1964-இல் வாலியென்டி ஒரு விருந்துப் பேச்சில் பொதுவில் சொன்னது என்றேன். சாத்தானும் இதில் கிடையாது, அது கிறித்தவத்தின் பாத்திரம் என்றேன். “சரி, அந்த மணியை ராத்திரி பத்து மணிக்கு மேல அடிக்காதே” என்றாள். நியாயமான நிபந்தனை.

பிறகு நடப்பதெல்லாம் பராமரிப்புதான். வருடத்தின் எட்டுப் பண்டிகைகளுக்கு பீடத்தில் ஏதாவது ஒன்றை மாற்றுகிறேன், குளிர்காலப் பண்டிகையான யூலுக்குப் பசுமையான கிளை, இறந்தவர்களை நினைக்கும் சாம்ஹைனுக்கு அவர்களின் படம் என்று. தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் நாள்களை ஆறு மாதம் தள்ளிக் கொண்டாடுவார்கள். அங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்பதால், சிலர் நெருப்பையும் வடக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். நான்கு பருவங்களே இல்லாத ஊரில் இருப்பவர் மழையும் கோடையும் தன் ஊரில் எப்போது வருகின்றன என்று பார்த்து அமைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

படைத்த பூவையும் தானியத்தையும் மறுநாள் மண்ணில் சேர்த்துவிடுகிறேன். உப்பு நீரை மட்டும் செடிக்கு ஊற்றக் கூடாது, வேர் கருகும். அது கழுவுதொட்டியில் போகட்டும். கோப்பைக்கு இன்னும் தனியாக எதுவும் வாங்கவில்லை. தினமும் தண்ணீர் குடிக்கும் டம்ளரையே கழுவி வைக்கிறேன்.