குழாய்மீனை ஆய்வுக்கு எடுக்கும் திருகோணமலைத் தம்பி, தங்கைகளுக்கு

கடல்குதிரையின் உறவான, உடல் முழுக்க எலும்பு வளையங்கள் போர்த்திய ஒல்லியான குழாய்மீனை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுக்கலாமா என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். தாராளமாக எடுக்கலாம். கொட்டியாரக்குடாப் பக்கம் கடற்புல் உள்ள இடத்தில் கரைவலை இழுப்பவர்களிடம் சொல்லி வைத்தால், கழித்துப் போடுவதில் பார்த்து எடுத்துத் தருவார்கள். ஆனால் டி.என்.ஏ. பார்த்தால் இனம் தெரிந்துவிடும்தானே என்று நினைத்து இறங்காதீர்கள். பாதி வேலை நுணுக்குக்காட்டியின் கீழ் அந்த வளையங்களை எண்ணுவதுதான்.

நெஞ்சுத் துடுப்பின் அடி இருப்பது முதல் உடல் வளையம். குதம் இருப்பது கடைசி. அதற்குப் பின்னால் உள்ளவை வால் வளையங்கள். வால் துடுப்பைத் தாங்கும் நுனித் துண்டைச் சேர்க்கக் கூடாது, பலர் சறுக்குவது அங்கேதான். உங்கள் எண்ணிக்கையைப் பார்க்காமல் நண்பர் ஒருவரும் எண்ணட்டும். அப்புறம் முதுகுத் துடுப்பு எந்த வளையத்தில் தொடங்குகிறது, அதில் எத்தனை கதிர்கள், உடலின் பக்கத்தில் நீளவாக்கில் மேடாக ஓடும் மேல் வரம்பு வால் வரம்போடு சேர்கிறதா அல்லது இடையில் அறுகிறதா என்று குறியுங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம். மூஞ்சி நீளத்தின் விகிதமும் வளர வளர மாறும். குழாய்மீனில் முட்டை சுமப்பது ஆண்தான்; அப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்: சுமப்பது உடலின் கீழா, வாலின் கீழா என்பதிலேயே பெரிய பிரிவு ஒன்று தெரிந்துவிடும்.

மீனைக் கெடாமல் வைக்கும் போமலின் கரைசலில் போடுவதற்கு முன்பே சிறு தசைத் துண்டை வெட்டி 95 சதவீத எதனோலில் வையுங்கள். போமலின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும். துண்டுக்கும் மீனுக்கும் ஒரே இலக்கம் போடுங்கள்.

டி.என்.ஏ.யில் இனம் பார்க்க வழக்கமாக எடுப்பது சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 காரங்கள் (டி.என்.ஏ.யின் எழுத்துகள்) கொண்ட பகுதி. மற்றவர்கள் இனப்பெயரோடு பதிந்த டி.என்.ஏ. வரிசைகள் உள்ள தரவுத்தளம் 99 சதவீதம் பொருத்தம் என்று காட்டினாலும் துள்ள வேண்டாம். அங்கே பெயர் போட்டவரும் வளையத்தைத் தப்பாக எண்ணியிருக்கலாம். 2 சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்பதும் ஒரு வழக்கம்தான், சட்டமில்லை.

வாய்மொழித் தேர்வில் என்னை மடக்கிய கேள்வி: "உருவம் ஒன்று சொல்கிறது, மரபணு வேறொன்று சொல்கிறது, என்ன செய்வீர்?" முதலில் மீண்டும் எண்ணுவேன், மாதிரிகள் மாறினவா என்று பார்ப்பேன் என்றேன். அது போதவில்லை. சி.ஓ.ஐ. கலத்தின் இழைமணியில் (மைற்றோகொண்ட்ரியாவில்) இருப்பது, தாய்வழியாக மட்டும் வருவது, அதனால் கலப்பினத்தை அது தனியாகக் காட்டாது. கலத்தின் கருவிலுள்ள (நியூக்கிளியஸ்) மரபணு ஒன்றையும் பார்க்க வேண்டும் என்றதும்தான் அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

மாதிரி சேகரிக்கும் அனுமதிக்கு ஆய்வின் முதல் மாதமே எழுதிவிடுங்கள். வலையில் கடல்குதிரையும் வரும். அது 2004 முதல் சைற்றிஸ் எனும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள பேரினம்; உயிரோடிருந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.