வெண்ணெயா, மார்ஜரினா?

நேற்றுக் கடையில் ஒரு கையில் வெண்ணெய்க் கட்டியும் மறுகையில் மார்ஜரின் டப்பாவுமாக நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

1869இல் பிரான்சில் மாட்டுக் கொழுப்பிலிருந்து பிறந்த மலிவான மாற்றுப்பொருள்தான் மார்ஜரின். பின்னாளில் தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அரைகுறையாகக் கெட்டியாக்கியபோது டிரான்ஸ் கொழுப்பும் அதில் சேர்ந்துகொண்டது. அது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை உயர்த்துவதோடு எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பையும் குறைப்பதால், இதயத்துக்கு நல்லது என்று நம்பி மார்ஜரினை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்றே சொல்வேன். இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதற்காக வெண்ணெய் குற்றமற்றதாகிவிடாது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில், எல்டிஎல்லை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 7 கிராம் இருக்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் வரம்போ சுமார் 22 கிராம்தான். (நெய் தோசைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.) எனவே, டிரான்ஸ் கொழுப்பு இல்லாத மென்மையான மார்ஜரின், எல்டிஎல் கணக்கில் இன்று வெண்ணெயை முந்துகிறது.

ஆனால் என் கையிலிருந்த டப்பாவின் சேர்மானப் பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்றிருந்தது. திருப்பி வைத்துவிட்டு, 100 கிராம் வெண்ணெயோடு வந்தேன்.