படத்துக்கு வழிவிடுங்கள்

மருத்துவப் பணியாளர் பயிற்சிக்கான இ-லேர்னிங் பாடங்களைத் தயாரிப்பது என் வேலை. பாட நிபுணர்கள் அனுப்பும் ஸ்லைடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திரை நிறைய வரிகள், அவற்றையே எழுத்து பிசகாமல் வாசிக்கும் குரல், ஓரத்தில் ஒதுங்கிய ஒரு படம். "கண்ணாலும் பார்க்கட்டும், காதாலும் கேட்கட்டும், நன்றாகப் பதியும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் கண் முந்திக்கொண்டு வாசித்துவிடும், குரல் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். இந்த இழுபறியில் படத்தை யார் பார்ப்பது?

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயரும் அவர் குழுவினரும் மின்னல் உருவாகும் விதத்தைச் சொல்லும் ஒரு சிறு அனிமேஷனை வைத்து இதைச் சோதித்து, 2001இல் வெளியிட்டார்கள். படமும் குரலும் மட்டும் கிடைத்தவர்கள், அவற்றோடு எழுத்தும் கிடைத்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சுவாரசியத்துக்காகச் சேர்த்த துணுக்குகளும் புரிதலைக் குறைக்கவே செய்தன. நிபுணர்களுக்குக் கசப்பது இந்த இரண்டாவது முடிவுதான். துணுக்குகள்தானே அவர்களுடைய செல்லப்பிள்ளைகள்!

இதயத்தின் ரத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு வந்த படத்தில் பாகங்களின் மேல் எண்கள், வலப்பக்கம் பெயர்ப் பட்டியல். பயிற்சி பெறுபவர் ஒருவர் அதைப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். 4 என்ற எண்ணைப் பார்க்கிறார், பட்டியலுக்குப் போகிறார், பெயரைப் படிக்கிறார், திரும்ப வந்து 4 எங்கே என்று தேடுகிறார். அதற்குள் குரல் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டியலை எடுத்துவிட்டு, பெயர்களை அந்தந்த அறைமேலேயே எழுதினோம். குரல் ஓர் அறையின் பெயரைச் சொல்லும்போது அந்த அறை மட்டும் நிறம் மாறும். ஒரு கட்டம் முடிந்ததும் பாடம் நின்றுவிடும். 'தொடர்க' பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகும். வேறெதையும் தொடவில்லை.

அதற்காக எழுத்தே கூடாது என்று அடம்பிடிப்பவன் இல்லை நான். புதிய கலைச்சொற்கள் திரையில் வரத்தான் வேண்டும். செவித்திறன் குறைந்தவர்களுக்கும், பாடமொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் வசனவரிகள் அவசியம். வேண்டுபவர் போட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தால் போதும்.

கேள்விகளைக் கடைசியில் மூட்டையாகக் கட்டிவைக்கும் பழக்கம்தான் இன்னும் மாறவில்லை. படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே கற்றல்தான். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, இடையில் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதனால் கேள்விகளைப் பாடத்தின் நடுவிலேயே வைக்கிறேன். நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்புவது இடது கீழறை என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், 'தவறு, மீண்டும் முயல்க' என்ற வெற்று வரி வராது. வலது கீழறை சுருங்கும் காட்சி மட்டும் மறுபடி ஓடும்.

மதிப்பெண் சராசரி குறைகிறதே என்று மேலாளர்கள் கேட்பார்கள். நடுவில் வரும் கேள்விகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் அந்தப் பேச்சு எழுவதில்லை.