200 சொல்லுக்குள் பொதுப் பள்ளி: ஸ்கூல் போர்டுக்கு மனு போட்ட அனுபவம்

கலிஃபோர்னியாவில் ஸ்கூல் போர்டுக்கு, அதாவது கல்வி மாவட்டத்தின் பள்ளிகளை நிர்வகிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு, நிற்க டெபாசிட் கட்ட வேண்டாம். பெரும்பாலான கல்வி மாவட்டங்களில் முன்மொழிபவர் கையெழுத்தும் தேவையில்லை. இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அசட்டையாக இருந்ததுதான் எங்கள் தப்பு. தேர்தலுக்கு 113 நாள் முன்பு மனு வாங்கத் தொடங்குவார்கள், 88 நாள் முன்பு முடித்துவிடுவார்கள். 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு அது ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 9 வரை. கடைசி மூன்று நாளில் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு மூன்று நடை. நின்றவர் நண்பர், காகிதமும் கணக்கும் என் தலையில்.

பதவியில் இருப்பவர் மறுபடி மனு போடாவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். அவர் கடைசி நாள் மதியம் வந்து மனு போட்டுவிட்டால் போச்சு.

தகுதி விஷயம் சுலபம்: 18 வயது, அந்த மாவட்டத்தில் குடியிருப்பு, வாக்காளர் பட்டியலில் பெயர். ஒன்றை மட்டும் முகவரி போட்டுச் சரிபாருங்கள். 2002-இல் கையெழுத்தான கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிறைய மாவட்டங்கள் தொகுதி தொகுதியாகப் பிரிந்துவிட்டன. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்பதை வைத்து உங்கள் தொகுதியைச் சொல்ல முடியாது. பள்ளி எல்லை வேறு, போர்டு தொகுதி எல்லை வேறு. உங்கள் தொகுதிக்கு இந்த வருஷம் தேர்தலே இல்லாமலும் இருக்கலாம்.

முதல் நடை வீணானது மூன்று சொல்லால். வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழில் வரும், அதற்கு அதிகபட்சம் மூன்று சொல். நண்பர் ஆசை ஆசையாக 'பப்ளிக் எஜுகேஷன் ஆக்டிவிஸ்ட்' என்று எழுதியிருந்தார். எண்ணிக்கை சரி, ஆனால் ஆக்டிவிஸ்ட் என்பது தொழிலில் சேராது. 'டாக்ஸ்பேயர்', 'கன்சர்ன்ட் சிட்டிசன்', 'ஹஸ்பண்ட்' எல்லாம் அதே கணக்கில் தள்ளுபடி. 'முன்னாள்' என்று தொடங்கக்கூடாது, தன்னைத்தானே புகழும் அடைமொழியும் ஆகாது. கடைசியில் 'சாஃப்ட்வேர் என்ஜினியர்' என்று போட்டோம். வாக்காளருக்கு அதில் என்ன தெரியப்போகிறது என்று நண்பருக்கு இன்றுவரை ஆறவில்லை. இதற்கென்று தனியாக ஒரு ஒர்க்‌ஷீட் உண்டு. அதைக் கொடுக்க மறந்தால் பெயருக்குக் கீழே எதுவுமே வராது.

இரண்டாவது நடைதான் உண்மையான அடி. வாக்காளர் கையேட்டில் வரும் வேட்பாளர் அறிக்கைக்கு 200 சொல். மாவட்டம் தீர்மானம் போட்டிருந்தால் 400 வரை போகலாம், எங்களுடையது போடவில்லை. இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் வீடு வீடாகப் போக ஆள் இல்லாத வேட்பாளருக்கு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் ஒரே காகிதம் அதுதான். செலவு பெரும்பாலும் வேட்பாளருடையது. தொகையைக் கவுண்டி முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லும், வாக்காளர் எண்ணிக்கையையும் அச்சாகும் மொழிகளையும் பொறுத்து மாறும். கூடினால் பிறகு பில் வரும், குறைந்தால் திரும்பி வரும்.

எங்கள் வரைவில், இப்போதிருக்கும் போர்டு உறுப்பினர் பள்ளிகளை மூட வாக்களித்தார் என்று ஒரு வரி இருந்தது. அவரும் அதே தேர்தலில் நிற்கிறார். அறிக்கையில் உங்களைப் பற்றி மட்டும்தான் எழுதலாம், இன்னொரு வேட்பாளரைத் தொடவே கூடாது. கட்சி சார்பில்லாத பதவி என்பதால் கட்சிப் பெயரும், கட்சி அமைப்பில் செய்த வேலையும் கூடாது. கவுன்டரில் இருந்த அம்மாள் இதையெல்லாம் விளக்கவில்லை. 'சட்ட ஆலோசனை தரக்கூடாது' என்று ஒரு கையேட்டை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அவர் சொன்னது விதிப்படி சரிதான், ஆனாலும் எந்த வரி உதைக்கிறது என்று விரலால் காட்டியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். இன்னொன்று: கொடுத்த பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. மனுக் காலம் முடிந்த மறு வேலைநாள் மாலை 5 மணி வரை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், அவ்வளவே.

சொல் எண்ணும் முறை தெரிந்தால் 200 என்பது கொஞ்சம் நீளும். ஊர்ப் பெயர் எத்தனை சொல்லாக இருந்தாலும் ஒன்றுதான், 'சிட்டி அண்ட் கவுண்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' முழுவதும் ஒரே சொல். இணைய முகவரி ஒன்று, போன் நம்பர் ஒன்று, சுருக்கெழுத்து ஒன்று. '100' என்று இலக்கத்தில் போட்டால் ஒன்று, எழுத்தால் எழுதினால் இரண்டு. ஹைஃபன் போட்ட சொல் அகராதியில் இருந்தால் ஒன்று. இப்படிச் சுரண்டியே பதினோரு சொல் மீட்டோம். தடித்த எழுத்து, அடிக்கோடு, புள்ளிப் பட்டியல் எல்லாம் வேண்டாம், பல கவுண்டிகள் எடுத்துவிடும்.

சரி, 200 சொல்லில் பொதுக் கல்வியைப் பற்றி என்ன நிலைப்பாடு எழுதுவது? முதல் வரைவில் பாதி, போர்டின் கையிலேயே இல்லாத வாக்குறுதிகள். 'பாண்டு கொண்டுவந்து ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துவேன்' என்று எழுதியிருந்தோம். பாண்டு என்பது வாக்காளர் ஒப்புதலோடு மாவட்டம் வாங்கும் கடன். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் சாதனத்துக்கும்தான் செலவிடலாம், சம்பளத்துக்குத் தொட முடியாது. 2000-இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரொப்பசிஷன் 39-இன்படி பாண்டுக்கு 55 சதவீத வாக்கு போதும், அதனால்தான் எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சம்பளத்துக்கும் உதவும் உள்ளூர் வரி என்றால் பார்சல் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் வரி. போர்டு அதை வாக்கெடுப்புக்கு வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சொத்து வரி விகிதத்தை ஏற்றலாமே என்றால், 1978-இன் புரொப்பசிஷன் 13 அந்தக் கதவை எப்போதோ மூடிவிட்டது.

போர்டின் கையில் இருப்பது வேறு. 2013-இல் இருந்து மாநிலப் பணம் எல்சிஎஃப்எஃப் என்ற பள்ளி நிதிப் பங்கீட்டுச் சூத்திரப்படி வருகிறது. ஏழைக் குடும்பம், ஆங்கிலம் கற்கும் மாணவர், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை என்ற ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இன்னும் 65 சதவீதம். இந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதை எல்கேப் என்ற திட்டத்தில் எழுதி, பொது விசாரணை நடத்தி, ஜூலை 1-க்குள் போர்டு ஏற்க வேண்டும். ஆகவே 'பின்தங்கிய மாணவர்களுக்குத் துணை நிற்பேன்' என்ற வரியை அடித்துவிட்டு, எல்கேப்பில் எந்தச் செலவைக் கூட்டுவேன் என்று எழுதினோம். மாவட்டத் தளத்தில் போன வருஷ எல்கேப் கிடைக்கும். நீளம்தான், ஆனால் அதைப் படிக்காமல் நிலைப்பாடு எழுதாதீர்கள்.

இசை, ஓவியம் வேண்டும் என்பவர்கள் 2022-இன் புரொப்பசிஷன் 28-ஐப் பாருங்கள். பணம் ஏற்கெனவே வருகிறது. 500 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள மாவட்டம் என்றால் அதில் 80 சதவீதம் ஆள் நியமனத்துக்கே போக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, ஆளை எடுத்தார்களா என்பதுதான்.

வருகைப் பதிவும் நல்ல நிலைப்பாடு. மாநிலம் பணம் தருவது சேர்க்கையைப் பார்த்தல்ல, சராசரி தினசரி வருகையைப் பார்த்து. டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் ஒட்டவைத்து மூன்று வாரம் ஊருக்குப் போகும் நம் வீடுகளுக்கு இது உறைக்க வேண்டும். போகும் முன் பள்ளியில் இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் போட்டு, பிள்ளை பாட வேலையை முடித்துக் கொடுத்தால் பள்ளி அந்த நாட்களின் பணத்தை இழக்காது. உள்ளூர் சொத்து வரியிலேயே நிரம்பிவிடும் 'பேசிக் எய்ட்' மாவட்டங்களில் இந்த வாதம் எடுபடாது. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

இனி பணம். யாரிடமும் ஒரு டாலர் வாங்குவதற்கு முன், நிற்கப் போவதை அறிவிக்கும் ஃபார்ம் 501 கொடுக்க வேண்டும். வரவும் செலவும் 2,000 டாலருக்குக் கீழே என்றால் ஃபார்ம் 470 என்ற சுருக்கக் கணக்கு போதும், சொந்தப் பணத்தில் கட்டும் அறிக்கைக் கட்டணம் இந்த 2,000-இல் சேராது. 2,000-ஐத் தொட்டுவிட்டால் பத்து நாளுக்குள் பிரசாரக் குழுவைப் பதியும் ஃபார்ம் 410, வருஷம் 50 டாலர் கட்டணம், தனி வங்கிக் கணக்கு. ரொக்கமாக 100 டாலரோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது.

நம் ஆட்கள் வழக்கமாக மாட்டுவது இங்கேதான். வீட்டு விருந்தில் எல்லாரும் ஆளுக்கு 50 டாலர் என்று அனுப்புவார்கள். கிரீன் கார்டு இருப்பவர் தரலாம். ஹெச்-1பி-யில் இருப்பவர் உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட தரக்கூடாது, அது கூட்டரசுச் சட்டம். சம்பளமில்லாமல் துண்டறிக்கை கொடுக்க வரலாம். வந்த இரண்டு தொகையைத் திருப்பி அனுப்பினோம். முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. பள்ளி மின்னஞ்சல், மாவட்டத்தின் பிற வளங்கள் எதையும் பிரசாரத்துக்குத் தொடாதீர்கள். பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) ஆதரவு தருவார்களா என்று கேட்டு அவர்களையும் சங்கடப்படுத்தாதீர்கள், அந்த வகை வரிவிலக்கு பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்க முடியாது.

மூன்றாவது நடை ஃபார்ம் 700-ஆல். இது சொத்து, வருமான விவரம். மனுவோடு கடைசி நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை. 2,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள தனிப் பங்குகள், மனைவி பெயரில் இருப்பது உட்பட, மாவட்டத்தின் விதி கேட்கும் வகையில் இருந்தால் எழுத வேண்டும். கம்பெனி தரும் பங்குகள் இதில் வரும், பலவகைப் பங்குகள் கொண்ட மியூச்சுவல் ஃபண்டு வராது. மனைவியின் ப்ரோக்கரேஜ் கணக்கின் சரியான தொகைக்காக ஒரு மணி நேரம் போன் போட்டோம். பிறகுதான் தெரிந்தது, துல்லியத் தொகையே வேண்டாம். 2,000 முதல் 10,000, அடுத்து 1,00,000 வரை என்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் டிக் போட்டால் போதும்.

மாலை 4:40-க்கு முத்திரை விழுந்தது. மனுக் காலம் முடிந்ததும் பத்து நாள் எல்லாருடைய அறிக்கையும் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். நகல் வாங்கிப் படித்தோம். எங்கள் முதல் வரைவில் அடித்த அதே வரி, பாண்டு பணத்தில் ஆசிரியர் சம்பளம், இன்னொருவர் அறிக்கையில் அப்படியே இருந்தது.