உருண்டையின் உட்சுவரில் வாழ்ந்தவர்கள்: எஸ்டெரோவைச் சுற்றிக் காட்டுதல்

புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸுக்குத் தெற்கே, எஸ்டெரோ ஆற்றங்கரையில் கோரேஷன் மாநிலப் பூங்கா இருக்கிறது. சைரஸ் டீட் என்ற மருத்துவர் 1869இல் தமக்கு ஒரு தெய்வ வெளிப்பாடு கிடைத்ததாக நம்பினார். சைரஸ் என்பதன் எபிரேய வடிவமான கோரேஷ் என்ற பெயரைச் சூடிக்கொண்டு, சிகாகோவில் ஆட்களைச் சேர்த்து, 1894இல் இங்கே குடியேறினார். பூமி உள்ளீடற்ற உருண்டை, நாம் அதன் உட்சுவரில் நிற்கிறோம், சூரியனும் விண்மீன்களும் நமக்கு நடுவே இருக்கின்றன என்பது அவர் போதனை. குடியேற்றம் செழித்திருந்த காலத்தில் ஏறக்குறைய 250 பேர் இருந்தார்கள்.

இங்கே வழிகாட்டுபவருக்கு முதல் முடிவு எந்தக் கட்டடத்தில் தொடங்குவது என்பதுதான். கலை மண்டபத்தில் அந்த உள்ளுலகத்தைக் காட்டும் உருண்டை மாதிரி இருக்கிறது. அதை முதலில் காட்டிவிட்டால் வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் ரொட்டி அடுமனையும் இயந்திரப் பட்டறைகளும் முதலில் வரவேண்டும். நாளுக்கு 500 ரொட்டிக்கு மேல் சுட்ட அடுமனை அது. வெளியூர்க்காரர்களும் இங்கே வந்து வாங்கினார்கள். காட்டைத் திருத்தி மூங்கிலும் மாமரமும் நட்டவர்கள் இவர்கள். உழைக்கத் தெரிந்த, கணக்குத் தெரிந்த மனிதர்கள் என்பது அங்கேயே புரிந்துவிடும். அடுத்து, நிர்வாகக் குழுவின் ஏழு பெண்கள் வசித்த ‘பிளானட்டரி கோர்ட்’ என்ற இல்லம். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1920இல்தான். இந்த வீடு 1904ஐச் சேர்ந்தது. இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

அதன்பிறகு, உலகம் குழிவானது என்று நிரூபிக்க அவர்கள் 1897இல் செய்த அளவீட்டுக்கு வரலாம். சுற்றிக் காட்டுவதில் அதிக நேரம் இதற்கே தகும். நேப்பிள்ஸ் கடற்கரையில் யூலிசஸ் மாரோ தலைமையில் ஒரு கருவியை அமைத்தார்கள். மகோகனி மரத்தால் ஆன, இருமுனையிலும் குறுக்குச் சட்டம் வைத்த 12 அடித் துண்டுகள். முனைகளில் பித்தளைத் தகடு. ஒரு துண்டைத் தாங்கியில் நிறுத்தி, அடுத்ததை அதன் முகத்தோடு முகம் பொருத்தி இறுக்கி, பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். கோடு வளையாமல் நேரே போகிறது, கடல்மட்டம் அதை நெருங்குகிறதா விலகுகிறதா என்று பார்ப்பார்கள். உலகம் குழிவானால் நீர் கோட்டை நோக்கி மேலேறி வரும், ஆகவே 128 அங்குல உயரத்தில் தொடங்கிய கோடு நாலு மைலில் நீரைத் தொடும் என்று எதிர்பார்த்தார்கள். மைல் கணக்கின் வர்க்கத்தை எட்டால் பெருக்கினால் வளைவு அங்குலத்தில் கிடைக்கும். நான்கின் வர்க்கம் 16, எட்டால் பெருக்க 128. முடிவும் அப்படியே வந்தது. உலகம் குழிவானது என்று அறிவித்தார்கள்.

எங்கே தவறியது? பூமி குவிந்திருக்கிறது, உண்மையான நேர்கோடு நாலு மைலில் நீரிலிருந்து இன்னும் 128 அங்குலம் மேலே போயிருக்கவேண்டும். குழிவான முடிவு வர, ஒவ்வொரு இணைப்பும் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் போதும். எவ்வளவு சாய்வு? நாலடி உயரமுள்ள முகத்தில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஏறத்தாழ ஒன்றரை மைக்ரான் வித்தியாசம். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. மைலுக்கு 440 இணைப்பு. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கூட்டுத்தொகை பெரிதாகிவிடும். வெயிலில் மரம் விரியும், கடற்காற்றின் ஈரத்தில் ஊதும், தாங்காத முனை தன் எடையில் தொங்கும், திருகை இறுக்கும் கை எப்போதும் ஒரே திசையில் அழுத்தும். இவற்றில் எது எவ்வளவு என்று இன்று பிரிக்க முடியாது. ஆனால் அங்கே யாரும் பொய் சொல்லியிருக்கவேண்டியதில்லை. பார்வையாளரிடம் இரண்டு அளவுகோல்களைக் கொடுத்து முனையோடு முனை சேர்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் விஷயம் பிடிபடும்.  

சமூகம் குலைந்ததற்கு இந்த அளவீடு காரணமில்லை. உள்வட்டத்தினர் துறவு காத்தார்கள், ஆகவே அடுத்த தலைமுறை உள்ளிருந்து வரவில்லை. சாகாமை அடைவேன் என்று போதித்த டீட் 1908 டிசம்பர் 22 அன்று இறந்தார். உயிர்த்தெழுவார் என்று சீடர்கள் உடலைக் குளியல் தொட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். சுகாதார அதிகாரி சொன்னபிறகே அடக்கம் நடந்தது. அவர் கல்லறையை 1921ஆம் ஆண்டுப் புயல் கடலுக்குள் கொண்டுபோயிற்று. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வது நல்லது. காத்திருந்தவர்கள் துக்கத்தில் இருந்தவர்கள்.

1961இல் எஞ்சியிருந்த நால்வர் நிலத்தை மாநிலத்திடம் ஒப்படைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து 1940இல் வந்து சேர்ந்த ஹெட்விக் மிஷெல் கடைசி உறுப்பினர், 1982இல் மறைந்தார்.

போகிறவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் கொசுவும் புழுக்கமும் தாங்காது. 2022 இயான் புயல் இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூங்கில்களுக்கு நடுவே ஆற்றுத்துறைக்கு இறங்கும் பாதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் படகுகள் வந்து நின்ற இடம் அது.